கிராண்ட்பாஸ் முதல் வெள்ளவத்தை வரை: கவர்ச்சி அரசியலும் மக்கள் எதிர்ப்பும்

களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் அந்நியர் இட்ட பெயரே கிராண்ட்பாஸ் என்று நிலைத்தது. 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்வரை, கண்டி வீதியால் கொழும்புக்கு வந்தவர்கள் படகுகளைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலத்தைக் கடந்து இவ்விடத்திலேதான் நகருக்குள் கால்வைத்தார்கள். 1899இல் ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்ட இரு பாதைகளுள் ஒன்று பொறளையில் முடிந்தது. மற்றது கிராண்ட்பாஸில் முடிந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், பண்டகசாலையில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடித்தவனும், வீதியைக் கூட்டியவளும் வந்து ஒதுங்கிய இடம் இது. 'வத்தை' என்றும் 'தோட்டம்' என்றும் வழங்கும் நெருக்கமான முடுக்குகளில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் ஒரே குழாயடியில் வரிசையில் நின்றார்கள்.

இத்தகைய இடங்களைத்தான் கவர்ச்சி அரசியல் முதலில் தேடி வருகிறது. இங்கே உண்மையான பசி உண்டு. உண்மையான கோபம் உண்டு. அடர்த்தியான வாக்குகளும் உண்டு. 'மக்கள்' என்ற சொல்லை ஓயாது உச்சரித்துக்கொண்டே, அந்த மக்களுள் ஒரு பகுதியினரை மற்றொரு பகுதியினருக்கு எதிரியாகக் காட்டும் அரசியலையே நாம் இங்கு கவர்ச்சி அரசியல் என்கிறோம். கட்சிப் பதவியோ அரசாங்க அதிகாரமோ இல்லாத சங்கங்களும் வாலிபர் கழகங்களும் தனிமனிதர் குழுக்களும் அதனை எவ்வாறு எதிர்த்தன? எங்கே வென்றன? எங்கே தோற்றன? கொழும்பு நகரின் நூறாண்டு வரலாறு இதற்கு விடை தருகிறது. அந்த விடை முற்போக்காளராகிய நமக்கு முழுவதும் இனிப்பானதன்று.

வீரரின் எழுச்சி

ஏ. ஈ. குணசிங்காவின் பெயரை அறியாமல் இலங்கைத் தொழிலாள வர்க்கத்தின் வரலாற்றை அறிய முடியாது. 1915ஆம் ஆண்டின் கலவரக் காலத்தில் சிறைவாசம் அனுபவித்தவர் அவர். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு, ரயில்வேத் தொழிலாளரிடையே மூண்ட வேலைநிறுத்தம் கொழும்பு முழுவதும் பரவி, ஏறத்தாழ 20,000 பேரை வீதிக்குக் கொணர்ந்தது. 1927இல் துறைமுகம் ஸ்தம்பித்தது. 1928இல் தொழிற் கட்சியும் அகில இலங்கைத் தொழிற்சங்கக் காங்கிரசும் உருவாயின. படித்த கனவான்கள் சர்வஜன வாக்குரிமையைக் கேட்டு முகஞ்சுளித்த நாட்களில், டொனமூர் ஆணைக்குழுவின் முன்பு அதனைத் துணிந்து கோரியவர்கள் குணசிங்காவும் அவரது தோழர்களுமே. வேட்டி கட்டிய தொழிலாளி துரையின் முன் நிமிர்ந்து நிற்கலாம் என்று கற்பித்த பெருமை அவருக்கு உண்டு. அதனை மறுப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

1929ஆம் ஆண்டு ஜனவரியில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ட்ராம் பாதைகள் அப்போது பௌஸ்டெட் என்ற ஆங்கிலக் கம்பனியின் கையில் இருந்தன. பெப்ரவரித் தொடக்கத்தில் மக்கள் கூட்டம் மருதானைப் பொலிஸ் நிலையத்தைத் தாக்கித் தீயிட்டது. பொலிஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. கிராண்ட்பாஸிலும் மருதானையிலும் வாழ்ந்த ஏழை மக்கள், தம்முடைய கோபத்தின் வலிமையைத் தாமே கண்டு திகைத்த நாட்கள் அவை.

முதலாளிமாரும் அதனைக் கண்டார்கள். அதே ஆண்டில் அவர்கள் தம் சம்மேளனத்தை அமைத்துக் குணசிங்காவுடன் கூட்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. திடீர் வேலைநிறுத்தங்களைத் தவிர்ப்பதாகச் சங்கம் உறுதி தந்தது. அந்நாளைய நிலையில் இதுவும் ஒரு வெற்றியே. ஆனால் உடன்படிக்கையின் மை காயுமுன்பே உலகப் பொருளாதார நெருக்கடி வந்து சூழ்ந்தது. றப்பர் விலை வீழ்ந்தது. ஆட்குறைப்பும் கூலிக்குறைப்பும் தொடர்ந்தன. வேலையிழந்த தொழிலாளி தலைவரின் முகத்தைப் பார்த்தான். முதலாளிக்கு எதிராக முன்போல் அறைகூவ, தலைவரின் கைகள் உடன்படிக்கையினால் கட்டுண்டிருந்தன. எனினும் கோபத்துக்கு ஒரு வடிகால் வேண்டுமல்லவா? 1931இல் சர்வஜன வாக்குரிமை நடைமுறைக்கு வந்து, குணசிங்கா மத்திய கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றிருந்தார். எண்ணிக்கையே பலம் என்றாகிவிட்ட அரசியலில் வாக்குப் பலம் குறைந்தவனே வசதியான எதிரி.

அந்த எதிரியாக மலையாளி அகப்பட்டான். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்து, ஆலையிலும் ரயில்வேயிலும் வீட்டு வேலையிலும் உழைத்த ஏழை அவன். 'உன் வேலையைப் பறித்தவன் கம்பனிக்காரனல்ல. உன் பக்கத்து அறையில் படுத்திருப்பவனே' என்ற பிரசாரம் மேடைகளிலும், குணசிங்காவின் 'வீரய' என்ற சிங்களப் பத்திரிகையிலும் ஒலித்தது. கூலி பற்றிய கேள்வி இனம் பற்றிய கேள்வியாகத் திரிந்த கதை இதுவே.

இது கொழும்புக்கு மட்டும் உரிய நோயன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரின் மேயராயிருந்த கார்ல் லூகர் ட்ராம் பாதைகளையும் எரிவாயு நிலையங்களையும் நகரசபையின் உடைமையாக்கிச் சிறு மனிதரின் காவலர் எனப் பெயர் பெற்றார். அவரது வாக்குப் பெட்டியை நிரப்பிய எரிபொருளோ யூத வெறுப்பு. 1966இல் பம்பாயில் தோன்றிய சிவசேனை, தமிழரையும் மலையாளிகளையும் காட்டி மராத்தி இளைஞரைத் திரட்டியது; விரைவிலேயே அதன் கரம் ஆலைத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கங்கள்மீது விழுந்தது. 'அந்நியனை' அடிக்க எடுத்த தடி, இறுதியில் தொழிற்சங்கத்தின் தலையிலேதான் இறங்கும் என்பதற்குக் கொழும்பு முன்னுதாரணம், பம்பாய் பின்னுதாரணம்.

எதிர்ப்பின் மூன்று வழிகள்

இந்தத் திருப்பத்தை எதிர்த்தவர்கள் மூவகையினர். மூவரின் வழியும் வேறு வேறு.

முதலாவது, எழுத்தும் தனிச் சங்கமும். தஞ்சையிலிருந்து வந்து இலங்கையில் நிலைகொண்ட கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியவர். குணசிங்காவின் சங்கத்தில் உபதலைவராகத் தோளோடு தோள் நின்றவர். சங்கத்துள் இனவாதம் நுழைந்தபோது அவர் விலகினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். வெறுப்பு மேடையின் பேரிரைச்சலுக்குப் பதிலாக, எழுத்தறியாத பெண் தொழிலாளியின் செவிக்கு எட்டும் பாட்டு! ஆயினும் இவ்வழிக்கு ஒரு விலை இருந்தது. நகரத்துச் சிங்களத் தொழிலாளியும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அத்துடன் முடிந்தது. பிளவைத் தொடங்கியவர் நடேசய்யர் அல்லர். எனினும் பிளவின் பயனை அனுபவித்தவர்கள் முதலாளிகளே.

இரண்டாவது, வேலைத்தலத்து ஒற்றுமை. யாழ்ப்பாணத்தில் 1924இல் தோன்றிய வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியமும் சாதி ஒழிப்பும் இன ஒற்றுமையும் பேசியது. 1931இல் தேர்தல் பகிஷ்காரத்தை முன்னின்று நடத்தியது. அந்தக் காற்று தெற்கே வீசியபோது கொழும்பிலும் பிற ஊர்களிலும் வாலிபர் கழகங்கள் முளைத்தன. அவற்றின் சோதனைக்களம் 1933ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் வாய்த்தது.

வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை அன்று நாட்டின் மிகப் பெரிய நெசவாலை. ஏறத்தாழ 1,400 தொழிலாளர். அவர்களுள் பெரும்பான்மையோர் இந்தியர், குறிப்பாக மலையாளிகள், எஞ்சியோர் சிங்களவர். வேலைநிறுத்தம் மூண்டபோது குணசிங்கா அதனை எதிர்த்தார். சிங்களத் தொழிலாளரை உள்ளே அனுப்பிக் கருங்காலி வேலைக்கு வழிவகுத்தார். 1923இல் வேலைநிறுத்தத்தின் மறுபெயராக விளங்கிய மனிதர் பத்தாண்டுகளில் அதனை முறிக்கும் கருவியானார். வாலிபர் கழகத்தவரோ வேலைநிறுத்தக்காரரின் பக்கம் நின்றனர். இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா புதிய சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். தலைமை தாங்கியோர் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த சிங்கள இளைஞர். அவர்கள் காத்து நின்றது மலையாளித் தொழிலாளியை. உறவோ சாதியோ மொழியோ ஒன்றுமில்லாத ஒருவனுக்காக, தம் இனத்தின் பெயரால் பேசிய தலைவரையே எதிர்த்து நின்ற அந்தச் செயல், அந்நாளில் எத்துணைத் துணிவானது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மூன்றாவது, துயர் துடைக்கும் தொண்டு. நவம்பர் 11ஆம் திகதி விற்கப்படும் பொப்பி மலருக்கு எதிராக, 1931இல் தொடங்கிய சூரியமல் இயக்கத்தை 1933இல் தென்கொழும்பு வாலிபர் கழகத்தினர் பொறுப்பேற்றனர். பிரித்தானியப் படையினருக்குச் செல்லும் காசு இந்நாட்டு ஏழைகளுக்குப் பயன்படட்டும் என்பது அவர்கள் வாதம். டொறீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி அதன் தலைவியாக விளங்கினார். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரக்கணக்கானோரை மாய்த்தபோது, அதே இளைஞர்கள் மருந்தையும் பருப்பையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் சென்றனர். கலாநிதி என். எம். பெரேராவைக் கிராமத்தார் 'பருப்பு மாத்தயா' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய பெரும் மூலதனமாயிற்று. 1935 டிசம்பரில் பிறந்த சமசமாஜக் கட்சி, மேடையில் பிறந்ததன்று. நோயாளியின் பாயருகில் பிறந்தது.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. கவர்ச்சி அரசியல்வாதியைப் 'பொய்யன்' என்று ஏசுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவர் எந்த உண்மையான குறையைப் பற்றிப் பேசி மக்களைப் பிடித்தாரோ, அந்தக் குறைக்கு வேறு விடையைச் செயலில் காட்டினார்கள். கூலி குறைந்தது என்றால் அயலவனை அடிப்பது விடையன்று. அயலவனோடு சேர்ந்து கூலியை உயர்த்துவதே விடை.

எதிர்த்தவர்களே பிடிபட்ட கதை

இத்துடன் கதை முடிந்திருந்தால் நமக்கு இனிதாயிருக்கும். ஆனால் வெறுப்பின் விதை குணசிங்காவின் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை நீக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்தது. காலப்போக்கில் மலையாளி கொழும்பு நகரிலிருந்து மறைந்தான். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர், சட்டம் நிறைவேறியது. அந்த அரசாங்கத்தில் அமைச்சராக வீற்றிருந்தவர்களுள் குணசிங்காவும் ஒருவர்.

1955இல் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரிக் கொழும்பு நகர மண்டபத்தில் சமசமாஜக் கட்சியினர் நடத்திய கூட்டம் கல்லெறிந்து குழப்பப்பட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். வெள்ளவத்தை ஆலை வாயிலில் கற்ற பாடத்தை அவர் அதுவரை மறக்கவில்லை.

பின்னர் மறந்தார். 1964இல் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் புகுந்தது. 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழிக்கு வரையறுத்த உபயோகம் தரும் பிரமாணங்களை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் நடந்தபோது, அதில் இடதுசாரிக் கட்சிகளும் அணிவகுத்தன. டட்லியின் வயிற்றில் மசாலை வடை என்று, தமிழரை ஏளனம் செய்யும் கோஷம் அந்த ஊர்வலத்தில் எழுந்தது. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் பிக்கு இறந்தார். 1972இல் சிறுபான்மையினருக்கு முன்பிருந்த அரசியலமைப்புக் காப்பினைக் கைவிட்டுப் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த யாப்பினை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர், 1933இல் மலையாளித் தொழிலாளிக்காக வாதாடிய அதே கொல்வின்.

இதனைத் தனிமனிதரின் பலவீனம் என்று தள்ளிவிடுதல் எளிது. நோக்கினால் வேறொன்று புலப்படும். 1930களில் அவர்களுடைய பலம் சங்கத்திலும் தொண்டிலும் இருந்தது. 1960களில் அது பாராளுமன்ற ஆசன எண்ணிக்கையில் இருந்தது. ஆசனத்தை எண்ணத் தொடங்கியவன் கவர்ச்சி அரசியலின் கணக்கையே எண்ணத் தொடங்குகிறான். அப்போது எதிர்ப்பு இயக்கம், தான் எதிர்த்ததன் நிழலாகிவிடுகிறது.

மீண்டும் கிராண்ட்பாஸில்

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மாலை. கிராண்ட்பாஸ் மோலவத்தையில் பள்ளிவாசல் ஒன்றினை ஒரு கும்பல் கல்லெறிந்து தாக்கியது. காயப்பட்டோருள் காவலுக்கு நின்ற பொலிஸாரும் அடங்குவர். பகுதியில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர் அமைச்சர்கள் கூடிச் சமரசம் செய்தனர்: புதிய கட்டடத்தைக் கைவிட்டுப் பழைய பள்ளிவாசலிலேயே தொழுகை நடக்கட்டும் என்று முடிவாயிற்று. தாக்குண்டவர் பின்வாங்கினார், அமைதி திரும்பியது. இவ்வகை அமைதிக்கு நீதி என்று பெயரிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

அது தனித்து நிகழ்ந்த சம்பவமன்று. 2012இல் தோன்றிய பொதுபல சேனா, 2013 பெப்ரவரியில் மகரகமையில் கூட்டம் கூட்டி ஹலால் முத்திரைக்கு எதிராக முழங்கியது. மார்ச்சில் அதன் நிலையமொன்றின் திறப்பு விழாவில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் பிரதம விருந்தினராகக் கலந்துகொண்டார். அதே மாதத்தில் பெபிலியானையில் முஸ்லிம் வர்த்தகரின் ஆடைக் களஞ்சியம் தாக்கப்பட்டது. கூட்டத்தைத் திரட்டியவர் ஒருவர். அதன் வாக்கை அறுவடை செய்ய நின்றவர் வேறொருவர். அதே காலத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கியதையும், கொழும்பின் முடுக்குகளில் வாழ்ந்த மூவினத்து ஏழைகளும் ஒருங்கே வெளியேற்றத்தை எதிர்நோக்கியதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வீடு பறிபோகும் அச்சத்தில் ஒன்றுசேரவேண்டியவர்களிடையே பள்ளிவாசலின் பெயரால் பகை மூட்டப்பட்டது. 1930களின் பழைய வித்தைதான். மலையாளியின் இடத்தில் முஸ்லிம் நின்றான்.

எதிர்ப்பும் எழாமலில்லை. 2013 ஏப்ரல் 12ஆம் திகதி ஹவ்லொக் வீதியிலுள்ள அவ்வமைப்பின் தலைமையகத்தின் முன்னே, பெரும்பாலும் சிங்கள பௌத்தரான இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். பௌத்தத்தின் பெயரால் வெறுப்பைப் பேசாதீர் என்று பௌத்தரே கூறினர். பொலிஸார் அவர்களைக் கலைத்தனர். சிலரைப் பிடித்தும் வைத்தனர். எண்ணிக்கையில் சிறிய அந்தக் கூட்டத்தை நாம் வெள்ளவத்தை ஆலை வாயிலின் வாரிசாகவே காண்கிறோம். தன் இனத்தின் பெயரால் செய்யப்படும் அநீதியைத் தானே முன்வந்து மறுப்பதுதான் அந்த எதிர்ப்பின் உயிர். ஆனால் ஒரு குறையும் இருந்தது. மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள் மோலவத்தையின் முடுக்குக்குள் அன்றாடம் சென்றுவருபவர்களல்லர். மலேரியாக் காலத்துப் பருப்பு மூட்டை அவர்கள் தோளில் இருக்கவில்லை.

2014இல் வணக்கத்துக்குரிய மாதுலுவாவே சோபித தேரரின் தலைமையில் சமூக நீதிக்கான தேசிய இயக்கம் பல அமைப்புகளை ஒன்றுதிரட்டியது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. 2018 ஒக்டோபரில் பிரதமரைப் பதவியிலிருந்து அகற்றி, நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, கட்சிகளுடன் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் தனிப்பட்ட பிரசைகளும் உயர் நீதிமன்றத்தை நாடினர். டிசம்பர் 13ஆம் திகதி கலைப்புச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் வென்றது, மக்கள் மனத்தில் அச்சம் வென்றது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், 69 இலட்சம் வாக்குகள் அதே கவர்ச்சி அரசியலை மீண்டும் அரியணை ஏற்றின.

கொரோனாக் காலத்தில் அது தன் கொடுமையின் உச்சத்தைத் தொட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்த பின்பும், இறந்த முஸ்லிம்களின் உடல்கள் வலிந்து எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில், இருபதே நாளான சிசு ஒன்றும் எரிக்கப்பட்டபின், பொறளை மயானத்தின் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கோஷமில்லை, கொடியில்லை, கபன் துணியின் நினைவாக ஒரு முழத் துணி. இனம் மதம் பாராது பலரும் வந்து கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரித்த சாம்பலை எந்த மன்னிப்பும் மீண்டும் உடலாக்காது. ஆயினும் அந்த முழத் துணி, பயந்து ஒடுங்கிய ஒரு சமூகத்திடம் 'நீங்கள் தனித்தவரல்லர்' என்று கூறியது.

2022இல் எரிவாயுவும் பாலும் மின்சாரமும் இல்லாமற் போனபோது, 69 இலட்சத்தின் மாயை கலைந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் திரண்ட கூட்டத்தில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். 1956இல் சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்கள் அடிபட்ட அதே திடல் அது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார். வரிசையில் நின்ற மக்கள், தம் பக்கத்தில் நின்றவனின் மொழியைக் கேட்கவில்லை. அவனுக்கும் எரிவாயு கிடைக்குமா என்றே கேட்டனர்.

நாம் கற்க வேண்டியது

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நண்பர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியன சில உண்டு. கவர்ச்சித் தலைவனைக் கேலி செய்து வீழ்த்த முடியாது. அவனைப் பின்பற்றும் மக்களின் குறை கேலிக்குரியதன்று. குணசிங்காவைப் பின்பற்றிய சிங்களத் தொழிலாளி தீயவனல்லன், வேலை இழந்தவன். அவனை இகழ்ந்தவர்கள் அவனை இழந்தார்கள். அவனருகில் சென்றவர்களே அவனை மீட்டார்கள்.

எதிர்ப்பு, தாக்குண்டவனின் வாயிலிருந்து மட்டும் எழுமாயின் அது முறையீடாகவே நின்றுவிடும். தாக்குபவனின் இனத்திலிருந்தும் எழும்போதுதான் அது அரசியலாகிறது. ஆலை வாயிலும் ஹவ்லொக் வீதியும் மயானக் கம்பியும் இதனையே உணர்த்துகின்றன. தமிழராகிய நமக்கும் இது பொருந்தும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, நம்முள் எத்தனை குரல்கள் எழுந்தன? தன் வீட்டுக் கவர்ச்சி அரசியலைக் கண்டும் வாய்மூடி இருப்பவனுக்கு, அடுத்த வீட்டுக்காரனைக் கண்டிக்கும் அருகதை குறைவு.

இறுதியாக, வெற்றி பெற்ற நாளே எதிர்ப்பு இயக்கத்தின் ஆபத்தான நாள். 1966 ஜனவரி 8ஆம் திகதி ஊர்வலத்தை நாம் மாணவருக்கு மறைத்தலாகாது. 1933ஐக் கற்பிக்கும் அதே வகுப்பில் அதனையும் கற்பித்தல் வேண்டும். நம்மவரின் புகழை மட்டும் ஓதி, வீழ்ச்சியை மறைக்கும் வரலாறு கட்சிக்குப் பயன்படலாம், மக்களுக்குப் பயன்படாது.

ட்ராம் வண்டி 1960இல் கொழும்பு வீதிகளைவிட்டு மறைந்தது. வெள்ளவத்தை ஆலையும் இன்றில்லை. ஆனால் குழாயடி வரிசை இருக்கிறது; கூலிக்குறைப்பு இருக்கிறது; அயலவனைக் காட்டி வாக்குக் கேட்கும் குரலும் ஓய்ந்து விடவில்லை. அந்தக் குரல் அடுத்த முறை முடுக்குக்குள் நுழையும்போது, அதற்கு முன்பே அங்கே ஒரு சங்கமோ, ஒரு வாசகசாலையோ, மூன்று மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு மாலை வகுப்போ இருத்தல் வேண்டும். அதனை அமைக்கும் வேலை தேர்தல் நாளுக்குக் காத்திருப்பதன்று.